மலைக்கு எந்தக் கேமரா?

போன மாதம் காட்பாடியிலிருந்து மச்சான் வந்திருந்தார். என் மனைவி சரோஜாவின் அண்ணன், ரயில்வேயில் வேலை. பேச்சுவாக்கில் சரோஜா, "ஏலகிரிக்கு நடந்தே ஏறப் போறோம்ணே" என்றாள்.

மச்சான் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது.

"நீயா? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவியே! போட்டோ எடுத்தாந்து காட்டு, நம்பறேன்."

சரோஜா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ஆக, கேமரா வேண்டும்! வேலூருக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெட்டிக் கேமரா. பிஸ்கட் டப்பா மாதிரி இருந்தது. மேஜையில் 'டொக் டொக்'கென்று தட்டிக் காட்டினார்.

"மஜ்பூத் சார்! உருண்டு உழுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

இன்னொன்று மடக்குக் கேமரா. மூடினால் கோட்டுப் பையில் அடங்கும். திறந்தால் ஆர்மோனியம் போலத் தோல் மடிப்புகள் விரிந்து லென்ஸ் முன்னால் வரும். தடவிப் பார்த்தேன். ஆஹா... என்ன மிருது! ஆம்பூர் டேனரியில் குமாஸ்தா நான். தோலைப் பார்த்து மயங்காமல் இருப்பேனா?

"மலைக்குப் பொட்டிதாங்க நல்லது. இது பூஞ்சையா இருக்குது" என்றாள் சரோஜா.

கேட்டேனா?

ஏலகிரியில் அவள் பாட்டுக்கு ஏறினாள். பாறைக்குப் பாறை உட்கார்ந்தவன் நான்தான். உச்சியில் கம்பீரமாக நின்றாள். கேமராவைத் திறந்து, பின்னால் ஓர் அடி வைத்தேன். வழுக்கியது! நான் முட்புதரில். கேமரா எனக்கு அடியில். எழுந்து, தூசி தட்டி, எப்படியோ படம் எடுத்துவிட்டேன்.

கழுவி வந்த படத்தில் மலை இருந்தது. சேலை இருந்தது. கேமராவின் தோல் மடிப்பில் விழுந்த கிழிசல் வழியே வெளிச்சம் புகுந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் புகை.

மச்சான் மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இன்னா மாப்ளே, மேகத்துக்குச் சேலை கட்டி வுட்டீங்களா?"

சரோஜா நிதானமாகச் சொன்னாள்: "நம்ப வேணாம்ணே. ஞாயித்துக்கிழமை நீயும் வா. கண்ணால பாரு."

தங்கை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? வந்தார். இந்தத் தடவை சரோஜாவின் தோளில் பெட்டிக் கேமரா. கடைக்குப் போய் அவளே வாங்கி வந்தது.

பாதி மலைகூட ஏறவில்லை. மச்சான் ஒரு பாறைமேல் சாய்ந்து, சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, நாக்கு வெளியே தள்ள, "சரோ... ஒத்துக்கறேம்மா. நீ ஏறினே. தண்ணி குடு" என்றார்.

கொடுத்தாள். அதற்கு முன்னால் ஒரு 'கிளிக்'.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. துல்லியமான படம்! "அண்ணன்தானே இருக்காரு, நீங்க மலை ஏறின போட்டோ எங்க?" என்று கேட்கிறவர்களுக்குச் சரோஜா ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்.

"அதைப் புடிச்சது யாருன்னு நெனைச்சீங்க?"