கால் தரையில் பட்ட பிறகு

என் தங்கையின் இடக்கையில் மூன்று விரல்கள் போனது அவருடைய கவனக்குறைவால் அல்ல, என்னால். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நம் உறவினர்களிடம் அன்று நான் சொன்னது பொய்.

என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் இங்கே 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தளிக்குப் பக்கத்தில், ராகியும் முட்டைக்கோசும் விளையும் ஊரில் பிறந்தோம். தந்தை காலமான பிறகு, ஓசூரில் நான் சூப்பர்வைசராக இருந்த சிறிய தொழிற்கூடத்திலேயே தங்கைக்கும் பிரஸ் மெஷினில் வேலை வாங்கித் தந்தேன். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டுக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். ஒருமுறை மிதித்தால் ஒருமுறைதான் இறங்க வேண்டும். அந்த மெஷின் சில சமயம் தானாகவே இரண்டாம் முறையும் இறங்குகிறது என்று முந்தைய ஷிப்ட்காரர் என்னிடம் சொன்னார். நிறுத்தினால் அன்றைய லோடு போகாது. "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்றேன். அடுத்து அங்கே உட்காரப்போவது யார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை அது நடந்தது. 'தொழிலாளி கவனமின்றிப் பெடலை மீண்டும் மிதித்துவிட்டார்' என்று விபத்து அறிக்கையை நானே எழுதினேன். மெஷினைச் சத்தமில்லாமல் சரிசெய்தேன். தன் கால்தான் தன் கையை நசுக்கியது என்று தங்கையும் நம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தவரை பேக்கிங்கில் உட்காரச் சொன்னேன்.

"வேணாண்ணா. அங்க போயிட்டா வாழ்நாள் பூரா என் காலைப் பாத்து நானே பயந்துட்டிருப்பேன். அதே மெஷினைக் குடு."

முதல் நாள் உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றி, அது அங்கே இருப்பதைக் குனிந்து பார்த்த பிறகே கையை உள்ளே நீட்டினார்.

"என்னக்கா, டான்ஸ் கிளாஸா?" என்பார்கள் பக்கத்து மெஷின் பெண்கள்.

"ஆமா, மூணு விரல் ஃபீஸ் கட்டியிருக்கேன்ல" என்பார்.

இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள். நானோ அந்தக் கையைப் பார்க்கப் பயந்து, அவர் பரிமாறும்போது தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். கவனமில்லாதவர் என்று அவர் மடியில் குழந்தையைத் தர நம் வீடுகளில் சிலர் தயங்கியபோதும் வாய் திறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தங்கை அங்கேயே பயிற்சி கொடுத்தார். ஒருநாள் அழைத்துவரப் போனபோது, "என் காலு என்னை ஏமாத்திடுச்சு, உங்க காலை நம்பாதீங்க" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், இதைப் போயி இத்தனை வருஷம் திட்டினேனே" என்றார். பிறகு எட்டு மாதம் என்னுடன் பேசவில்லை. ஒருநாள் போன் வந்தது.

"திங்கக்கிழமை பொண்ணுங்களுக்கு கிளாஸ் இருக்குது. எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லு. பயமா இருந்தா நடுங்கிக்கிட்டே சொல்லுண்ணா."

போனேன். நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். முடித்ததும் பின்வரிசையில் ஊத்தங்கரைப் பெண் ஒருவர் எழுந்தார்.

"சார், எங்க மெஷினும் நேத்துலருந்து ரெண்டு தரம் இறங்குது. சொன்னா திட்டுவாங்கன்னு…"

அவர் முடிக்கும் முன் தங்கை எழுந்துபோய், இடக்கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அந்த மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தார். "லோடு போகணும்க்கா!" என்று இப்போதைய சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"நாளைக்குப் போகட்டும் தம்பி."

சென்ற ஆண்டு, காய்ச்சல் என்று படுத்த தங்கை நான்காம் நாள் நம்மைவிட்டுப் போனார். தங்கள் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பக்கத்து வீட்டாருக்கும், கடைசிவரை கூட இருந்த செவிலியர்களுக்கும், துக்கத்துக்கு வந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஊத்தங்கரைப் பெண்ணும் வந்திருந்தார். தங்கையின் காலடியில் நின்று கும்பிட்டார். கூப்பிய அந்தப் பத்து விரல்களை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.