நான்கு கால் கதவு

ஸ்ரியாத்துன் வீட்டில் குளியலறைக்குப் போகிறவர்கள் பாட வேண்டும். இது அந்த வீட்டுச் சட்டம். பாட்டு நின்றால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். அடுத்தவர் தோளில் துண்டோடு வந்துவிடுவார். அந்த அறையின் கதவு பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே செமாராங் நகரத்தில் ஒரு விடுதிக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையாகிவிட்டது. இப்போது தொங்குவது ஒரு பூப்போட்ட துணித்திரை. ஜெப்பாரா ஊரின் கடல்காற்று அதை எப்போது தூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கணவர் மஸ்ருகான் வட்டார அலுவலகத்தில் எழுத்தர். அங்கே நாள் முழுக்க வாய் திறக்காத மனிதர், குளியலறையில் பழைய காதல் பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடுவார். மகன் ஹானிஃப் வாளியில் தாளமும் போடுவான். மகள் நிஸ்வாத்திக்குப் பாட்டு வராது. அவள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வாள். ஊருக்கு வந்த விருந்தாளிகள், அந்த வீட்டில் கணக்குப் பாடம் ரொம்பக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஸ்ரியாத்துனின் தொழில் பழைய கதவு. ஜெப்பாராவில் தடுக்கி விழுந்தால் ஒரு மரப்பட்டறையில்தான் விழ வேண்டும். ஆனால் மற்றவர்கள் புது மரத்தைச் சேற்றில் புதைத்து, தேயிலைத் தண்ணீர் ஊற்றி, 'நூறு வருடத் தேக்கு' என்று விற்பவர்கள். ஸ்ரியாத்துனுக்கு அது ஆகாது. இளவயதில் டோஃபு காய்ச்சும் ஒருவரின் அடுப்பில் தேக்குக் கதவு ஒன்று பாதி எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, அதற்கு ஈடாக ஒரு வண்டி மாங்கட்டையைக் கொட்டிவிட்டு மீதிப் பாதியை வாங்கி வந்தாள். கருகிய பக்கத்தை அப்படியே விட்டு, நடுவில் கண்ணாடி பதித்தாள். அதிலிருந்து அவளுக்குக் கதவு கதவாகத் தெரிவது நின்றுபோனது. சாய்த்து வைத்த கதவு அலமாரியாகத் தெரியும். படுத்த கதவு மேசையாகத் தெரியும். துக்க வீட்டுக்குப் போனாலும் நிலைப்படியில் ஒரு நிமிடம் நின்று தாழ்ப்பாளைத் தடவிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

தெருவில் இருந்த பழைய கதவையெல்லாம் அவளே வாங்கிவிட்டாள். எல்லாருக்கும் இப்போது அலுமினியக் கதவு. அவள் வீட்டு வாசலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இதுவரை பதினேழு கதவு மாட்டினாள். பதினேழையும் யாராவது வந்து, "ஆகா, இது என்ன வேலைப்பாடு" என்று கேட்டு, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரிக்கு ஒரு ஒட்டுப்பலகையைச் சாத்தி வைப்பார்கள். பகலில் பக்கத்து வீட்டு ஆடுகள் தாராளமாக உள்ளே வந்து, மஸ்ருகானின் செய்தித்தாளைப் படித்துவிட்டு, தின்றுவிட்டுப் போகும்.

இந்த நிலையில்தான் நிஸ்வாத்திக்கு பாண்டுங் நகரத்து மாப்பிள்ளை அமைந்தான். பெயர் யாயான். பையன் தங்கம். அவனுடைய அம்மா ரோஹாயாத்திதான் சற்றுக் கெடுபிடி. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை, பெண் வீட்டு மூடிய கதவுக்கு வெளியே நின்று பாட வேண்டும். உள்ளிருந்து பெண் வீட்டார் பதில் பாடுவார்கள். கேள்வியும் பதிலும் முடிந்த பிறகே கதவு திறக்கும். அப்புறம்தான் அவன் உள்ளே வரலாம். இதைச் சொன்னபோது ரோஹாயாத்தி கடைசியாகக் கேட்ட கேள்வி, "உங்க வீட்டுல கதவு இருக்குல்ல?"

யாயான் சொல்லியிருக்கிறான் போல.

அன்று மாலை நிஸ்வாத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மா, எனக்கு நகை வேணாம், பெரிய பந்தல் வேணாம். அன்னிக்கு ஒரு நாளு நம்ம வாசல்ல ஒரு கதவு இருக்கட்டும். அது போதும்."

"இருக்கும்டி. உன்மேல சத்தியம்."

ஸ்ரியாத்துன் வாக்கைக் காப்பாற்றப் பட்டபாடு கொஞ்சம் அல்ல. கூடூஸில் இடித்த ஒரு வீட்டிலிருந்து இரட்டைக் கதவு வந்தது. மல்லிகைக் கொடி செதுக்கிய, கருத்த தேக்கு. அதன்மேல் பழைய சாரோங் துணியைப் போர்த்தி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தொங்கவிட்டாள். மூன்று மாதத்தில் நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேரையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். மஸ்ருகான் தினமும் குளியலறையில் பதில் பாட்டைப் பயிற்சி செய்தார். வாசலுக்கு அந்த அளவிலேயே அகலமான புது நிலையும் வைத்தாயிற்று.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் ரோஹாயாத்தி போன் செய்தாள். ஸ்ரியாத்துன் வழக்கம்போல முற்றத்தில் சாக்பீஸோடு நடந்துகொண்டிருந்தாள். எந்தக் கதவு என்னவாக வேண்டும் என்று தினமும் அவள்தான் குறி போடுவாள். வட்டம் என்றால் கண்ணாடி, கோடு என்றால் அலமாரி, நான்கு புள்ளி என்றால் மேசை.

"கதவு கெட்டியானதுதானே, சம்பந்தி?" என்றாள் ரோஹாயாத்தி.

"இருங்க, நீங்களே கேளுங்க." சாரோங்கை விலக்கிக் கதவைத் தட்டிக் காட்டினாள் ஸ்ரியாத்துன். "கேக்குதா?"

"கேக்குது. கீச்சுன்னு சத்தம் வராதே? எங்க பெரியவங்களுக்கு அது ஆகாது."

"வராது சம்பந்தி."

"உள்பக்கம் தாழ்ப்பாள்?"

"இருக்கு சம்பந்தி."

இப்படி அரைமணி நேரம். வாய் ஆமாம் போட்டுக்கொண்டிருக்க, சாக்பீஸ் பிடித்த கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன் முடிந்ததும் அவள் பத்திரிகை வைக்கக் கிளம்பி, உறவுக்காரர் வீடுகளைச் சுற்றிவிட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம்தான் திரும்பினாள்.

தச்சர் ஜுமாரி முற்றத்தில் ஒரு புது மேசைமேல் கண்ணாடித் தம்ளரை வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையின் மேல் முழுக்க மல்லிகைக் கொடி.

"ஜுமாரி, இது என்ன?"

"டேபிள், இபு." முதலாளியம்மாவை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"டேபிள்னு தெரியுது. அதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?"

"கதவு."

"எந்தக் கதவு?"

ஜுமாரி தம்ளரை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாலு புள்ளி இருந்துச்சுங்க. இருவது வருசமா உங்க சாக்பீஸை நான் எதிர்த்துக் கேட்டதில்ல. கல்யாண வாரமாச்சே, சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா சந்தோசப்படுவீங்கன்னு..."

இரண்டு கதவையும் சேர்த்து, அடியில் சட்டம் அறைந்து, ஒரே பலகையாக்கியிருந்தார். கால்களைப் பசை போட்டு, மரத்தாணி அடித்து இறக்கியிருந்தார். ஜுமாரி இறக்கிய கால் நூறு வருடத்துக்கு வெளியே வராது. அதுதான் அவருடைய பெருமை.

முற்றத்தில் நாற்பது கதவு கிடக்கிறதே என்றார் மஸ்ருகான். கிடந்தன. பாதி அந்த நிலைக்குக் குறுகல். மீதிப் பாதியில் கண்ணாடிக்காக வட்ட ஓட்டை போட்டாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக மாப்பிள்ளை சடங்கு தொடங்குமுன்பே பெண்ணைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடலாம்.

கையில் மருதாணியோடு நிஸ்வாத்தி வெளியே வந்தாள். மேசையைப் பார்த்தாள். அதன் காலைப் பார்த்தாள்.

"ஊருல இருக்கிற அத்தனை கதவும் உன் கண்ணுல படும்மா. நம்ம வீட்டு வாசல் மட்டும் படாது."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை. சொன்னது உண்மை. வாய்க்கு வாய் பேசுகிற ஸ்ரியாத்துன் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"காலை அறுத்துட்டா பலகையாவது மிஞ்சும், இபு," என்று ஜுமாரி ரம்பத்தோடு வந்தார்.

ஸ்ரியாத்துன் மேசையைச் சாய்த்து நிறுத்தச் சொன்னாள். சுற்றி வந்து பார்த்தாள். முன்பக்கம் கதவு. பின்பக்கம் நான்கு கால்.

"அறுக்காதீங்க. அறுத்துட்டா எதைப் பிடிச்சுத் தூக்குவீங்க?"

மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் இறங்கியபோது, அந்த வாசலில் பதினெட்டாவது கதவு நின்றிருந்தது. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஆளுக்கு ஒரு காலாக ஸ்ரியாத்துன், அவளுடைய தம்பி, ஜுமாரி, ஹானிஃப் ஆகிய நால்வரும் கட்டிப் பிடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையோடு ஜுமாரிக்கு வேர்த்து ஊற்றியது. நிஸ்வாத்தி தலையில் மல்லிகைச் சரங்களோடு, உம்மென்று பின்னால் நின்றாள்.

வெளியே மாப்பிள்ளை பாடினான். மஸ்ருகான் உள்ளிருந்து, இந்நேரத்தில் கதவைத் தட்டுவது யார் என்று பாடினார். வெளியே, தூரதேசத்திலிருந்து வந்த உன் துணை என்றான் அவன். மஸ்ருகானின் குரல் அருமையாக எழுந்தது. மாதக்கணக்கில் ஈரச்சுவரில் மோதி மோதித் தேறிய குரல் அல்லவா. அந்த மகிழ்ச்சியில் அவர் பாட்டில் இல்லாத நான்கு அடிகளையும் சேர்த்துப் பாடத் தொடங்கினார்.

"பாக், போதும்," என்று கணவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் ஸ்ரியாத்துன். "கை விட்டுப்போகுது."

"திறவுங்கள் கதவை" என்று வெளியே கடைசி அடி வந்தது. நால்வரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கதவு கீச்சென்று சத்தம் போடவில்லை; அந்த வாக்காவது பலித்தது. நேராக நான்கு அடி பின்னால் நடந்தது. பிறகு மெல்லச் சாய்ந்து, கூடத்தின் நடுவில் நான்கு காலில் நின்றது. 

பாண்டுங்காரர்கள் அசையாமல் பார்த்தார்கள். ரோஹாயாத்தி மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஸ்ரியாத்துன் சோற்றுக் கூடையையும் கோழிக் குழம்பையும் அதன்மேல் எடுத்து வைத்தாள். வேறு என்ன செய்ய?

"எங்க ஊர்ல திறந்த கதவு சும்மாதான் நிக்கும்," என்றாள் ரோஹாயாத்தி.

அது பாராட்டா குத்தலா என்று தெரியாமல் ஸ்ரியாத்துனுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். நிஸ்வாத்தி அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் ரோஹாயாத்தி எழுந்தாள். "சம்பந்தி, குளியலறை எந்தப் பக்கம்?"

மஸ்ருகான் மேல்கூரையைப் பார்த்தார். நிஸ்வாத்திதான் எழுந்து மாமியாரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். திரை அருகே நின்று ஏதோ மெதுவாகச் சொன்னாள். காற்று வேறு அன்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. மகள் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு ஓர் இடைவெளி. பிறகு, பாண்டுங் நகரத்து ரோஹாயாத்தி, கணீரென்று, தூரதேசத்திலிருந்து வந்த துணை நான் என்று முதலிலிருந்து பாடத் தொடங்கினாள்.

மஸ்ருகான் பழக்க தோஷத்தில் பதில் பாட வாயைத் திறந்தார். ஸ்ரியாத்துன் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

நிஸ்வாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையிலிருந்த மல்லிகைச் சரமெல்லாம் ஆடியது. முந்தின நாளிலிருந்து பேசாதவள் அம்மாவின் தோளில் சாய்ந்து சொன்னாள்:

"மா, அங்க திரையே இருக்கட்டும். கதவு மாட்டிடாதே."