முத்து முத்தான எழுத்து

மலைமேல் இருக்கும் கரியாலூரில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது, புத்தகம், சிலேட்டு, சுவரில் மாட்டும் அட்டை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்றார்கள். நானும் நம்பினேன். நான் களமருதூர்க்காரி. பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், மலையில் டீக்கடை நடத்தும் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தவள். யார் என்ன சொன்னாலும் நம்புகிற நிலையில்தான் அப்போது இருந்தேன்.

பின்னால் வந்தது வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப். "பிரிண்ட் எடுத்துக்குங்க மேடம்" என்று கூடவே ஒரு கும்பிடு. பிரிண்ட் எடுக்க மலையை விட்டு இறங்க வேண்டும். மழைக்காலம் வேறு, பஸ் வந்தால் வந்தது. சாயங்காலம் பால்வாடிக் கட்டடத்துக்கு வருகிற பெண்களுக்குப் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். முன்வரிசைக்குத் தெரிந்தால் பின்வரிசைக்குத் தெரியாது. "இன்னா டீச்சர், சினிமாவா காட்டறீங்க?" என்று சிரித்தார்கள்.

அவர்களில் ஒரு அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் மிளகு பறிக்கக் கேரளா போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. ஒன்பதாவது படிக்கும் ஒரே மகள். அந்தப் பெண்ணை இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். பத்தாவது பாஸானால் மேலே படிக்கட்டும், தவறினால் கட்டிக் கொடுத்துவிட வேண்டியது என்று கணவரிடம் பேசி, வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தவர் இந்த அக்காதான். வகுப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று முதல் நாளே எல்லோரையும் கேட்டேன். ஒருவர் கையெழுத்துப் போட என்றார், ஒருவர் பஸ் போர்டு பார்க்க என்றார். இவர் சொன்னது வேறு.

"எம்பொண்ணு படிக்கிற புஸ்தகத்த, அவ பக்கத்துல குந்திக்கினு நானும் படிக்கணும் டீச்சர்."

அட்டை இல்லாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து அவரே வழியும் சொன்னார். "எம்பொண்ணு எழுத்து முத்து முத்தா இருக்கும். அவளாண்ட குடுங்க, எழுதிக் குடுப்பா."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் டீக்கடைக்கு வந்தாள். பிஸ்கட் பெட்டிகளை வெட்டி, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதச் சொன்னேன். போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினாள். ஒரு பிழை கிடையாது. சுழியெல்லாம் ஒரே அளவு. நடுவில் போன் திரை அணைந்தால், பாதி வார்த்தையில் பேனாவைத் தூக்கிக்கொண்டு நான் வந்து திறக்கும்வரை காத்திருப்பாள். எவ்வளவு கவனமான பெண் என்று அவள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நாலு வாரத்தில் பால்வாடிச் சுவர் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர் வகுப்பு டீச்சர் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் புது அட்டையைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பப் பார்த்தாள் பெண். நான்தான் கொஞ்ச நேரம் இரு என்று உட்கார வைத்தேன். அட்டையில் இருந்தது: 'அம்மா சந்தைக்குப் போனார். தக்காளி வாங்கினார்.' கீழே தக்காளிக் கூடை ஒன்றை அவளே வரைந்திருந்தாள். அவள் அம்மா எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்து இரண்டாவது வார்த்தையில் மாட்டிக்கொண்டார்.

"இது இன்னாடி? நீதான எழுதுன, சொல்லு."

பெண் படத்தைப் பார்த்தாள். "தக்காளி" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு "இப்ப சொல்லு" என்றேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"வெக்கப்படறா டீச்சர்" என்று அம்மா எழுந்து வந்தார். கடைசி வார்த்தையில் விரலை வைத்தார். 'வாங்கினார்.' வா என்கிற எழுத்து அவருக்குப் போன வாரமே பழகிவிட்டது; எனக்கு அது தெரியும்.

"இது போனார்னு எழுதிக்கீது, இல்லடி?"

"ஆமாம்மா."

அவர் விரலை எடுக்கவே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் போன பெண்ணை, என்னிடம் இரண்டு மாதம் படித்த அம்மா சோதித்துவிட்டார். எனக்கு அதை நம்பவே முடியவில்லை. அந்தப் பெண்ணை வெளியே கூட்டிப்போய், கோபத்தில் தோளைப் பிடித்துக் கேட்டேன், இத்தனை வருடம் எப்படி ஓட்டினாய் என்று.

"படிக்கச் சொல்ல மாட்டாங்க மிஸ். எழுதத்தான் சொல்லுவாங்க. போர்டுல தேதி, பொன்மொழி எல்லாம் நான்தான் எழுதுவேன். பரிச்சைல கேள்வித்தாள்லேர்ந்தே எடுத்து எழுதிடுவேன்."

அழவில்லை. தன்மேல் தவறு இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல பெண் என்றுதான் எல்லோரும் அவளைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் நோட்டுகளைப் பிறகு பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'மிக நன்று'. அந்த அழகில் யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றவில்லையே.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் இருந்த எங்கள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, இவளையும் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"ஒன்பதாவது படிக்கிற பொண்ண எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு எப்படிங்க காட்டறது? சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்க மாட்டாங்க சார். தூக்கம் வராது" என்றேன்.

"ரிஜிஸ்டர்ல பேரு வாணாம். சும்மா வந்து குந்தட்டும்" என்றார். அதுவே போதும் என்றிருந்தது. அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள் என்று நினைத்து, அன்று சீக்கிரமே போய்ப் பாயை விரித்தேன்.

மகள் மட்டும் வந்தாள். அதற்கு மறுநாளும் அவள் மட்டும்தான். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கே போய்விட்டேன். அக்கா மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா வரல?"

"அவ வந்தாளே டீச்சர்."

"நீங்களும் வாங்க."

"பெரியவர யாரு பாக்கறது? நான் அங்க வரச்சே இத்தினி நாளு அவதான் வூட்ல இருந்தா. இனிமே நான் இருக்கறேன்."

ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவள் என்று மாற்றி மாற்றி வாருங்களேன் என்று கெஞ்சினேன். இன்னும் கொஞ்ச நாள் வந்தால் தடங்கலில்லாமல் படித்துவிடுவீர்கள் என்றேன். உண்மையும் அதுதான், அந்த வகுப்பிலேயே முதலில் படிக்கப்போகிறவர் அவராகத்தான் இருந்தார்.

"அடுத்த வருசம் பத்தாவது. நாளு கம்மியா கீது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் படிக்கலன்னா ஒண்ணும் ஆவாது டீச்சர். இப்பவே இப்பிடித்தான கீறேன். அவ படிக்கலன்னா நானா ஆயிடுவா."

சொல்லிவிட்டு, கஞ்சி ஆறிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.