சோடாக்கார சுலேமாவும் மூன்று நிறக் கோப்பையும்

மைப்பூ என்ற திராட்சைத் தோட்ட ஊரில் சுலேமா விதேலாவின் வண்டிச் சத்தம் கேட்டால் நாய்கள் ஓடி ஒளியும். காரணம் உண்டு. அவள் வீடு வீடாகச் சோடா போடுகிறவள். விசையை அமுக்கினால் பீய்ச்சியடிக்கும் கனத்த பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவாள். போகிற வழியில் குரைக்கிற நாய்க்கும், வாசலில் கால் நீட்டித் தூங்குகிற ஆளுக்கும் ஆளுக்கொரு பீய்ச்சு உண்டு. ஐம்பதைத் தொட்டும் அந்தக் கை அடங்கவில்லை. சிறுவயதில் வாத்தியார் நாற்காலியில் திராட்சைக் குலையை வைத்து அவரை உட்காரவிட்டதோடு அவள் படிப்பு முடிந்தது. அதற்காக அவள் வருந்தியதாகத் தகவல் இல்லை.

அங்கே ஜனவரிதான் கோடை. அந்த வெயிலில் ஞாயிறு என்றால் அவள் வீட்டுப் பின்கட்டில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், சொந்தமும் அக்கம்பக்கமும் கூடிவிடும். கறி சுடுவது புருஷன் கோயோ, டிராக்டர் மெக்கானிக். ஒயின் ஊற்றுவது சுலேமா. விலை உயர்ந்த சரக்கு எதுவும் அவள் மேசைக்கு வராது. பிரம்பு பின்னிய பெரிய குடுவையில் தெரிந்தவர்கள் தோட்டத்து ஒயின்தான். ஆனால் எதற்கு எது என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டாள். எலுமிச்சை பிழிந்த கோழிக்குப் பல் கூசும் குளிரில் வெள்ளை. கொழுப்பு சொட்டும் சாசேஜுக்கு ரோஜா நிறம், ஐஸ் போட்டு, மேலே சோடா. விலா எலும்புக்குச் சிவப்பு. அதையும் கொஞ்ச நேரம் ஐஸ் வாளியில் உட்காரவைப்பாள். "ஒயின்னா வெயிலுக்குப் போடற தொப்பி மாதிரி. தலைக்குப் பொருந்துதான்னு பாரு, சும்மா தடவிப் பாத்துக்கிட்டிருக்காதே" என்பாள்.

அந்தக் கோடையில் கோயோவின் கறி உப்புக் கரித்தது. ஒரு ஞாயிறு என்றால் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். அடுத்த ஞாயிறும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. கல்லுப்பையும் பூண்டையும் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் வைத்திருப்பான். கறி வேகும்போது அந்த உப்புத் தண்ணீரை உதறி உதறித் தெளிப்பான். இப்போது தெளிக்கவில்லை, குளிப்பாட்டினான். விருந்தாளிகள் சோடாவாகக் குடித்துத் தள்ளினார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சுடுகிறவனுக்கு யோசனை சொல்வது அந்த ஊரில் அவன் செருப்பைப் பிடுங்குவதற்குச் சமம். அடுப்புப் பக்கம் வேறு யாரும் போகக்கூடாது. போகலாம் என்றால், அவன் குடிக்க ஒரு கோப்பை கொண்டுபோகிறவர் மட்டும் போகலாம்.

சுலேமாவின் தம்பி ஃபெர்மின் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், கடல்லயா மேய்ச்சீங்க இந்த மாட்டை?" என்றவன், போகிற போக்கில், "அடுத்த வாரம் கறி புரட்ட நான் புது இடுக்கி வாங்கிட்டு வரேன். நீங்க உக்காந்து சாப்பிடுங்க. வயசாகுதில்ல" என்று ஒரு குத்து குத்தினான்.

கோயோ சிரித்தான். சிரித்த முகத்தோடு போய், குளிர்ந்துபோன கனலைக் கிளறிக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

சுலேமாவுக்குக் கோபம் தம்பி மேல் பாதி, புருஷன் மேல் பாதி. அக்கறையில்லாமல் சுடுகிறான் என்று நினைத்தாள். பாடம் புகட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி குறும்பு. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், சாலட்டுக்கென்று வைத்திருந்த காடி ஒயினை, குடித்தால் கண்ணு பிதுங்குமே அதை, கோப்பை நிறைய ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். துப்பப் போகிறான் என்று தட்டைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

கோயோ முழுசாகக் குடித்தான். வாயைத் துடைத்தான்.

"நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் காலிக் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"கிழவா, என்ன குடிச்சே இப்ப?"

"ஒயினு."

"காடிய்யா அது! சாலட்டுக்கு ஊத்தறது!"

கோயோ கோப்பையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின.

"குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சில்ல? அதுலருந்து எதுவும் தெரியல. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. வரலாம், வராமலும் போகலாம்னாரு டாக்டர்."

"இத்தனை மாசமா ஏன்யா சொல்லல?"

"சொன்னா எங்கையிலருந்து இடுக்கியப் பிடுங்கிருவீங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உன் வாசனைகூடத் தெரியல கிழவி" என்றான்.

"கொடுத்துவச்சவன் நீ. நாள் முழுக்க டீசல் வண்டி ஓட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுவதுபோலத் திரும்பி நின்றாள் சுலேமா. கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். தண்ணீரை நிறுத்தியபோது அவள் முகத்தில் பழைய குறும்புக் களை வந்திருந்தது.

"நிறம் தெரியுதில்ல உனக்கு?"

மறுநாள் ஃபெர்மின் சொன்னபடியே புது இடுக்கியோடு வந்து சேர்ந்தான். மேசையில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தான்.

"அக்கா, பாத்தியா? துருப்பிடிக்காதது."

"அட, ஐஸ் எடுக்க இடுக்கி இல்லாம கஷ்டப்பட்டேன்டா. நல்லாரு" என்று அதை எடுத்து ஐஸ் வாளியில் செருகினாள் சுலேமா. பந்தலே சிரித்தது.

பிறகு அவள் நாற்காலியில் ஏறி நின்று புதுச் சட்டம் போட்டாள். இனிமேல் ஒவ்வொரு கறியிலும் ஒரு துண்டு முதலில் அவளுக்கு வரவேண்டும். ருசி பார்க்காமல் ஒயின் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெட்டுவதுபோல. கோமாளிக்கு இன்று புது வேஷம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

வழக்கமாகத் தானே வாயில் போட்டுக்கொள்ளும் துண்டைக் கோயோ ரொட்டியில் வைத்துத் தந்தான். அவள் மேசைக்குப் போய் மென்று, முகத்தைக் கோணி, நெஞ்சைப் பிடித்து, நாடகமெல்லாம் ஆடி முடித்து, ஒரு கோப்பை ஊற்றி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். முந்தின ராத்திரியே இருவரும் பேசிவைத்த கணக்கு: வெள்ளை என்றால் இன்னும் உப்பு வேண்டும். ரோஜா நிறம் என்றால் சரி, போதும். சிவப்பு என்றால் தாண்டிவிட்டது, எலுமிச்சை பிழி. குடிப்பவனுக்கு மூன்றும் வெறும் குளிர்ந்த தண்ணீர்தான். கண் மட்டும் போதும்.

கோழிக்கு வெள்ளை போனது. கோயோ இரண்டு உதறு உதறினான். பிறகு ரோஜா நிறம். கோழி மேசைக்கு வந்து எலும்பாகத் திரும்பிப் போனது. சுலேமாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி விலாவுக்காகக் காத்திருந்தது. அந்த ஊரில் ஒருவனை எடை போடுவது விலாவை வைத்துத்தான். துண்டு வந்தது. மென்றாள். சப்பென்று இருந்தது, பயத்தில் மனுஷன் கையை ரொம்பவே இறுக்கிவிட்டான். வெள்ளையை ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஃபெர்மின் வழியை மறித்தான்.

"விலாவுக்கு வெள்ளையா? உனக்குப் பித்தா அக்கா? நீ சொல்லிக் குடுத்ததையே நீ மறந்துட்டியா?" கோப்பையைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தான். குடித்ததோடு விடாமல், நல்ல மனசோடு ஒரு கோப்பை சிவப்பை ஊற்றி, தானே அடுப்படிக்குக் கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தான்.

கோயோ சிவப்பைப் பார்த்தான். முகம் சாம்பலாகிப்போனது. உப்புத் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எலுமிச்சையைத் தேடினான்.

கத்த முடியாது. கத்தினால் குட்டு உடையும். சுலேமா மேசையில் இருந்த சோடா பாட்டிலை எடுத்தாள். தம்பியின் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்துப்பட்டியிலிருந்து இடுப்பு வரை, ஒரு பொத்தானையும் விட்டுவைக்காமல் பீய்ச்சினாள்.

"எனக்கே ஒயின் சொல்லித் தர்றியாடா நீ!"

"ஐயோ, அக்கா! புதுச் சட்டை!"

அவன் பந்தலைச் சுற்றி ஓட, இவள் துரத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோப்பை அடுப்புச் சுவரில் வந்து உட்கார்ந்ததைக் கோயோ மட்டுமே பார்த்தான். எலுமிச்சையைக் கீழே போட்டுவிட்டு உப்புத் தண்ணீரை எடுத்தான். ஒரு உதறு. இன்னொன்று. அடுத்த துண்டுக்கு ரோஜா நிறம் வந்தது.

விலா மேசைக்கு வந்தபோது பேச்சு நின்றது. மெல்லும் சத்தம் மட்டும். ஈரச் சட்டையோடு ஃபெர்மின் ஒரு எலும்பைக் கடித்து இழுத்தான், மென்றான், இன்னொன்றை எடுத்தான். அவன் எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தான்.

"சுட்டவருக்குக் கைதட்டுங்கப்பா! என்ன எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

பந்தல் அதிர்ந்தது. கோயோ எப்போதும்போல இடுக்கியைத் தூக்கிக் காட்டவில்லை. அதைச் சுவரில் மாட்டிவிட்டு நேராக ஒயின் மேசைக்கு வந்தான். ஃபெர்மினின் துருப்பிடிக்காத இடுக்கியால் ஐஸ் எடுத்து, ரோஜா நிறத்தை ஊற்றி, சோடா பீய்ச்சி, சுலேமாவின் கையில் கொடுத்தான். மறந்தாற்போல அவளை உரசிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கு சொல்லு, கிழவி."

அவள் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்து, வாய்க்கால்ல கால நனைப்போமே, முதல்ல ஒரு சிலிர்ப்பு வருமே, அது மாதிரி. அப்புறம் ஸ்ட்ராபெரி. கடைசியில ரோஜாப்பூ."

"பொய்."

"ஆமா. புளிக்குது" என்றாள் சுலேமா, அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டே.