ஏடன் அண்ணன் மாற்றிச் சொன்ன வாக்கியம்

நான் முதன்முதலாகப் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவருக்கு மீசை இருந்தது. எனக்குப் பதினோரு வயது. கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஆங்கில இலக்கணத்தில் என்னை மிஞ்ச எங்கள் வகுப்பில் ஆளில்லை. இதை நானே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்ததால், கடலூர் முதுநகரில் எங்கள் தெரு முழுவதும் அது தெரிந்த விஷயமாக இருந்தது.

மாணவர் ஏடன் தேசத்துக்காரர். என் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, வெகுகாலம் ஏடன் துறைமுகத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தக் கடை முதலாளியின் மகன்தான் இவர். சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து, மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் தோற்றுப்போனார். செப்டம்பர் கடைசியில் மறுபடியும் எழுத வேண்டும். அதிலும் தோற்றால் படித்தது போதும், கப்பலேறி வந்து கடையில் துணி கிழி என்று தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹாஸ்டலில் தனியாக உட்கார்ந்து படித்தால் தேறமாட்டார் என்று மாமா அவரை முதுநகருக்கு அழைத்துவந்தார். மாமா வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருந்ததால், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினார். நாங்கள் அவரை ஏடன் அண்ணன் என்று கூப்பிட்டோம்.

இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தவள் நான். ஏனென்றால் என் அப்பா, நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம், மாமாவோடு அப்போது பேச்சுவார்த்தையில் இல்லை.

காரணம் பிரியாணி. என் அக்கா கல்யாணத்தில் அத்தாவே சமையல் பண்டாரிகள் பக்கத்தில் நின்று, புகையில் கண் சிவக்க, தம் போட வைத்த பிரியாணி அது. பந்தியில் மாமா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, புவனகிரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் காதுபட, “மச்சான், உப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். “ஏடன்ல கடத்தண்ணி குடிச்ச நாக்குக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார் அத்தா. மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழுவார்கள், ஸலாம் கொடுத்து முடித்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

பேச வேண்டியவற்றை நான் சுமந்தேன். “ஒங்க மாமாகிட்டச் சொல்லு” என்று அத்தா தொடங்குவார். “ஒங்க அத்தாகிட்டச் சொல்லு” என்று மாமா முடிப்பார். நான் ஒரு சொல் குறையாமல், குரலின் ஏற்ற இறக்கத்தோடு, சில சமயம் கையை எப்படி ஆட்டினார்கள் என்பதையும் சேர்த்து ஒப்பிப்பேன். இந்த நேர்மையில் எனக்கு அளவு கடந்த பெருமை. அதனால்தான் சண்டை நாளாக ஆக வாடாமல் பச்சையாகவே இருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஏடன் அண்ணன் கொண்டுவந்த இலக்கணப் புத்தகமும் என் பள்ளிக்கூடப் புத்தகமும் ஒன்றேதான். அவருக்குப் பேராசிரியர் சிபாரிசு செய்தது. எனக்குக் கன்னியர் அடிக்கோலோடு சேர்த்துக் கொடுத்தது. பரீட்சையில் பாதிக்கு மேல் ‘பொருள் மாறாமல் மாற்றி எழுதுக’ வகைக் கேள்விகள். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் ஹாஸ்டலில் பொறுக்கிய தமிழும் தெரியும். எனக்கு மாலைகளில் நேரம் இருந்தது. உட்கார்ந்துவிட்டோம்.

அவருடைய முதல் தொல்லை ‘இஸ்’. ‘ஹீ டாக்டர்’ என்று எழுதுவார். ‘திஸ் மேங்கோ ஸ்வீட்’ என்று எழுதுவார். அரபியில் அந்த ‘இஸ்’ஸுக்கு வேலையே இல்லையாம், ‘அவர் டாக்டர்’ என்று சொன்னால் விளங்கிவிடுமாம். “இஸ் எங்க? எங்க போச்சு இஸ்?” என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்து, பக்கம் பக்கமாகத் திரும்ப எழுதவைத்தேன். நான் நாளெல்லாம் பேசுகிற தமிழிலும் அது கிடையாது என்பதைக் கவனித்ததே இல்லை.

ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் அரபியில் பொருள் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். எழுதிக் கசக்கிப் போட்ட தாள்களை அம்மா கீழே கிடக்க விடமாட்டாள். அரபி எழுத்து காலில் படலாமா என்று ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றி, பரணில் ஓதுகிற கிதாபுகளுக்குப் பக்கத்தில் வைப்பாள். நாய் தபால்காரரைக் கடித்தது, தபால்காரர் நாயால் கடிக்கப்பட்டார் என்பவைதாம் அவற்றில் இருந்த வாசகங்கள்.

இரண்டாவது தொல்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வாக்கியம். ‘நான் வருகிறேன் என்று அவன் சொன்னான்’ என்பதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ‘ஐ ஆம்’ என்பது ‘ஹீ வாஸ்’ ஆகிவிடும். “ஏன்? அவன் இன்னும் வந்துட்டுத்தானே இருக்கான்?” என்று கேட்டார். எனக்கும் காரணம் தெரியாது. ஆனால் ஆசிரியர் திணறக் கூடாது. “ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் சொன்னா பழசாயிடும்ல, அதான்” என்றேன். அவர் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

புத்தகத்தில் இருந்த வாக்கியங்கள் தீர்ந்தபோது, என்னிடம் வற்றாத ஊற்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அத்தாவும் மாமாவும் அன்றன்றைக்குச் சொல்லியனுப்பியவற்றை நான் தமிழில் சொல்வேன். அவர் ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவார். நான் சிவப்புப் பென்சிலால் திருத்துவேன். முதல் சில நாட்கள் அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அப்புறம் சிரிப்பு நின்றது. “இது எல்லாம் நெஜமா?” என்று ஒருநாள் கேட்டார். “ஒரு எழுத்து மாத்தல” என்றேன். அவர் அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

அப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தாய்மாமன் கூட வராமல் புவனகிரிக்குப் போய் நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அம்மா அத்தாவிடம் கெஞ்சினாள். அத்தா போய் அழைக்கமாட்டார். அழைக்காமல் மாமா வரமாட்டார். “அழைக்கத் தெரிஞ்சவன் வாயால அழைக்கட்டும்” என்று மாமா சொன்னதையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று அம்மா சாப்பிடவில்லை. அண்ணன் வீடு எதிரிலேயே இருந்தும் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதித்திருக்கவில்லை.

அடுத்த நாள் பாடத்தின்போது ஏடன் அண்ணன், “தமிழ்ல எப்படி மாத்துவே?” என்று கேட்டார்.

“ரொம்ப சுலபம். கடைசியில ‘ஆம்’ போடுங்க, போதும். வந்தார்னா வந்தாராம். நல்லாருக்குன்னா நல்லாருக்காம். அது இன்னொருத்தர் சொன்னது ஆயிடும்.”

அவர் முகம் விளக்கேற்றியது போல் ஆனது. ‘இஸ்’ வேண்டாம், ‘வாஸ்’ வேண்டாம், வாலில் ஒரு ‘ஆம்’. அன்று முழுக்க, “மழை வருமாம்”, “மீன் கெடைக்கலையாம்”, “பூனை தூங்குதாம்” என்று வீட்டைச் சுற்றி வந்தார். அம்மாவே சிரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆ தொழுகைக்குப் போகுமுன் அத்தா என்னைக் கூப்பிட்டார். “ஒங்க மாமாகிட்டப் போய்ச் சொல்லு. ஞாயித்துக்கெழம புவனகிரிக்குப் போறேன். வாடகைக் கார்ல எடம் கெடக்கு. வர இஷ்டமிருந்தா வரட்டும், இல்லாட்டி அந்த எடத்துல பலாப்பழம் வச்சிக்கறேன்.”

நான் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஏடன் அண்ணன், வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக நின்றிருந்தார். என்ன செய்தி என்று கேட்டார். சொன்னேன். பலாப்பழம் என்றால் என்ன என்று கேட்டார். கையால் காட்டினேன்.

“நான் போறேன். எனக்குப் பழக்கம் வேணும்” என்றார்.

நல்ல மாணவர் என்று மகிழ்ந்துபோய், சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன். மாமா வாசற்படியில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏடன் அண்ணன் ஸலாம் சொன்னார். பிறகு, பரீட்சையில் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார்:

“மச்சான் வருத்தப்படுறாராம். ஞாயிறு புவனகிரி போகணுமாம். நீங்க இல்லாம போகமாட்டாராம். இன்னிக்கு சோறு அங்கதானாம்.”

‘ஆம்’ எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. ஒன்றில்கூட இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இப்படி யாருமே சொல்லவில்லையே!

மாமா தொப்பியை விட்டுவிட்டார். “மச்சானா சொன்னாரு?”

“ஆம்” என்றார் ஏடன் அண்ணன்.

அது எந்த ‘ஆம்’ என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் போய், அத்தாவிடம், “மாமா வர்றாராம்” என்றார்.

“வர்றானாமா?” என்றார் அத்தா. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அம்மா அரிசியை இன்னொரு படி சேர்த்து உலையில் போட்டாள்.

ஜும்ஆ முடிந்து இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள். பாய் விரித்து எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அம்மா அவசரமாக ஊற்றியதில் மீன் குழம்பு சோற்றைத் தாண்டிப் பாயில் சொட்டியது. மாமா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிராமலே பேசினார்.

“வருத்தப்படுறேன்னு வேத்து ஆளுகிட்டயா சொல்லியனுப்புவீங்க, மச்சான்? நான் என்ன அந்நியனா?”

அத்தாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஏடன் அண்ணன் மீன் முள்ளை வெகு கவனமாக எடுக்கத் தொடங்கினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பாடம் நடத்தியவள் நான். “அத்தா அப்படிச் சொல்லவே இல்ல மாமா! அந்த எடத்துல பலாப்பழம் வச்சிக்கறேன்னுதான் சொன்னாங்க!”

அம்மாவின் கரண்டி சட்டியில் மோதியது. அத்தா ஏடன் அண்ணனைப் பார்த்தார். அவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. அப்புறம் அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரை எப்படிப் பார்த்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொன்னேன்மா” என்றார் அத்தா. “நீ அப்போ பள்ளிக்கூடத்துல இருந்தே.”

மாமா என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். “புள்ளைங்களுக்கு எல்லாமா தெரியும்?” என்று சொல்லிவிட்டு, தட்டை அம்மா பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் புவனகிரிக்குப் போனது. திரும்பி வரும்போது அக்காவுக்குக் காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று என்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார்கள்.

மறுவாரம் ஏடன் அண்ணனின் பரீட்சை. அத்தாவும் மாமாவும் சேர்ந்து அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆசிரியர் என்ற முறையில் நானும் போனேன். போகும் வண்டியில் அவரைக் கடைசியாக எச்சரித்தேன். “அன்னிக்குச் சொன்ன மாதிரி அர்த்தத்த மாத்தி எழுதினா சைபர்தான் வரும்.”

“எக்ஸாம்ல மாத்தமாட்டேன்” என்றார் அவர் பணிவாக. “வீட்ல மட்டும்.”

சொன்னபடியே எழுதித் தேறினார். பின்னால் பட்டமும் வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அன்று அவரைப் பரீட்சைக் கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் பாசஞ்சர் வண்டியில் திரும்பினோம். கிள்ளை தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது, ஆற்றில் போன வருஷத்தைவிடத் தண்ணீர் கூடவா குறைவா என்று அத்தாவும் மாமாவும் உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தா சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சொன்னாராமே! அந்த வெள்ளிக்கிழமை காலாண்டு விடுமுறை. அதற்கு முந்தின வாரமே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். காலையிலிருந்து நான் வீட்டில்தான் இருந்தேன். அத்தாதான் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குத் திக்கென்றது. மாமாவுக்கு முன்னால் கேட்டால் அத்தாவுக்கு வெட்கமாகப் போய்விடும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னேன். “அத்தாவுக்கு வயசாயிடுச்சும்மா. எல்லாம் மறந்து போவுது. பாவம், நீதான் பாத்துக்கணும்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து, பின்னாலேயே போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.