திறக்காதவர்கள் பட்டியல்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், கடைக்கு வருகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபத்தில் செய்த காரியங்களை மறுநாளே போய்ப் பேசிச் சரிக்கட்டிவிடுவதும் என் வழக்கம். ஒன்றே ஒன்றை மட்டும் அப்படிச் சரிக்கட்ட முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்த ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஊருக்கென்று ஒரு வலைப்பூ எழுத ஆரம்பித்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது, கோயிலுக்குக் காப்புக் கட்டியது, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கேதம், எல்லாம் வரும். பதிவைப் போட்டதும் சந்தாதாரர்களுக்கு அது மெயிலாகப் போய்விடும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கிடக்கிற எங்கள் ஊர்க்காரர்கள்தான் பாதிப்பேர்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி சொல்வதைக் கேதம் சொல்வது என்போம். பங்காளி வீடுகளுக்குள் என்ன பகை இருந்தாலும் கேதம் மட்டும் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் பிணத்தை எடுத்தால் அது தீராத குற்றம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு மூன்றாம் ஆள் ஒருவரை அனுப்புவார்கள். அவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவார். கொஞ்சநாளில் அந்த மூன்றாம் ஆளின் வேலை என் வலைப்பூவுக்கு வந்து சேர்ந்தது. யாருக்கும் யாரிடமும் வாய் திறக்கவேண்டியதில்லை. அக்கா ப்ளாக்கில் போட்டாச்சு என்றால் சொன்னதாக அர்த்தம். இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

என் சித்தப்பாவின் மூத்த மகனும் சந்தாதாரர். வேறு சாதியில் கட்டிக்கொண்டான் என்பதற்காகச் சித்தப்பா அவனை, "என் வாசப்படிய மிதிக்காதே" என்று விரட்டிவிட்டார். அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். தம்பிக்காரன் அப்பா பக்கம். வீட்டில் யாரிடமும் அவன் நம்பர் கிடையாது. என்னிடமும் மெயில் முகவரி மட்டும்தான் இருந்தது.

ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புதிதாகச் சேரக் கேட்டவர்களைச் சேர்க்கமுடியவில்லை. இலவசக் கணக்கில் இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு. சரி, யாரை எடுக்கலாம் என்று பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே கடைசியாக மெயிலைத் திறந்த தேதி இருந்தது. அட, பலபேர் வருஷக்கணக்கில் திறக்கவே இல்லை! எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலை மெனக்கெட்டு எழுதுகிறவள் நான் என்ன கிறுக்கியா? ஒவ்வொன்றாகக் குறியிட்டேன். சித்தப்பா மகன் பெயருக்கு எதிரே 'ஒருமுறையும் திறக்கவில்லை' என்றிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடவா? பெரிய இவன்! என்று முணுமுணுத்துக்கொண்டே அவனையும் குறியிட்டு, மொத்தமாக நீக்கிவிட்டேன். நீக்கப்பட்டவர்களுக்கு எந்தத் தகவலும் போகாது. மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் சித்தப்பா தவறிப்போனார். வெள்ளிக்கிழமை விடியற்காலை. பதிவைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆடியில் நீக்கியது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. சின்னாத்தா, அதாவது சித்தப்பாவின் மனைவி, என்னைக் கட்டிக்கொண்டு அழுததும் கேட்ட முதல் கேள்வியே, "மூத்தவனுக்குச் சொல்லியாச்சாத்தா?" என்பதுதான்.

"காலையிலயே போயிருச்சு சின்னாத்தா. இந்நேரம் பாத்துருப்பான்."

அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் மூத்தவன். அவன் வராவிட்டாலும் ஒரு போனாவது வரும் என்று சாயங்காலம்வரை உடலை எடுக்காமல் போட்டுவைத்திருந்தார்கள். வரவில்லை. தம்பிக்காரன் நெருப்புச்சட்டியைத் தூக்கினான். பெண்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். "பெத்த அப்பனுக்குக்கூடவா மனசு எறங்கல" என்றாள் ஒருத்தி. எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியது நான்தான். கல்நெஞ்சுக்காரன் என்றேன். சின்னாத்தா மட்டும், "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லத்தா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து பத்து நாள் இருக்கும். கடையில் ஒரு பையனுக்குக் கல்லூரி விண்ணப்பம் அச்சடித்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. 'அக்கா, ஆடியிலேருந்து உங்க மெயில் ஒண்ணும் வரல. எழுதுறத விட்டுட்டீங்களா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? அப்பா எப்படி இருக்காருன்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி இல்ல.' கீழே நம்பர் போட்டிருந்தான்.

அச்சடித்த காகிதத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவனைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "அக்கா!" என்று சிரித்தான். எனக்கு முதலில் வந்தது கேதம் இல்லை, என் நியாயம்தான்.

"நீ ஒரு மெயிலக்கூடத் தெறக்கலன்னு காட்டுச்சேடா."

"எல்லாத்தையும் படிச்சேனேக்கா. எங்க கேம்ப்ல நெட்டு இழுக்காது, ப்ளாக்கெல்லாம் தெறக்காது, மெயிலு மட்டுந்தான். படம் எதுவும் எறங்காம நிறுத்தி வச்சுருக்கேன், எழுத்து மட்டுந்தான் வரும். ஏன்?"

எனக்கு விளங்கிவிட்டது. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இருக்கும். அது இறங்கினால்தான் திறந்ததாகப் பதிவாகும். அவன் வரி விடாமல் படித்திருக்கிறான். நான்தான் படிக்காதவர்களோடு சேர்த்து அவனைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

சொன்னேன். அப்பா போய்விட்டதைச் சொன்னேன். உன் பெயரை நீக்கியவள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

"யாரு கொள்ளி வச்சா?"

"தம்பி."

"என்னைக்கு?"

நாளைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அன்னைக்கு ரூம்ல எல்லாரும் சேந்து கறி எடுத்து ஆக்குனோம்க்கா. நாந்தான் ஆக்குனேன்." அதோடு, "வைக்கிறேன்க்கா" என்றான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஊருக்குப் போனேன். அன்றைக்கு அவனைத் திட்டிய பெண்கள் சிலர் சின்னாத்தாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன். தப்பு என் மேல்தான் என்றேன். தம்பிக்காரன், "என்னக்கா இது, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று எழுந்து அங்கிட்டுப் போய் நின்றுகொண்டான். அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

சின்னாத்தாவிடம் மூத்தவன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டபோது அவன் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அவன் முகவரியை மறுபடி சேர்க்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை நீக்கிய பெயரை நானாக உள்ளே கொண்டுவர முடியாது. அவனுக்கு ஒரு மெயில் போகும். அதில் 'சம்மதம்' என்று அவன் அழுத்தவேண்டும். இதுவரை அழுத்தவில்லை.

போன வாரம் போயிருந்தபோது சின்னாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுனா இப்ப அவனுக்குப் போகுமாத்தா?"

"இன்னும் இல்ல சின்னாத்தா."



"அப்ப நான் செத்தா அவனுக்கு யாருத்தா சொல்லுவா?"