கடித்த ரொட்டி

கிர்கிஸ்தானில், மலைகளுக்கு நடுவே ஏரிக்கரைக் கிராமமொன்றில், பயணிகளுக்கு அறை விடும் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அடுக்களைச் சுவரில், கல்லாகக் காய்ந்த வட்ட ரொட்டி ஒன்று தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு கடி.

"புறப்படும்போது மகன் கடித்தது. மொஸ்கோவுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்து மீதியைச் சாப்பிடுவான்," என்று வீட்டுக்காரப் பெண்மணி சொன்னதை வழிகாட்டி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

எனக்கு, சிறுவயதில் புலம்பெயர்ந்து நாங்கள் இருந்த கோலியர்ஸ் வுட் வீட்டு மேசைதான் கண்ணில் வந்தது.

எண்பதுகளின் கடைசியில், அப்பா தன் தம்பியைக் கூட்டிவர யாழ்ப்பாணம் போனார். டாக்சி வந்துவிட்டதென்று பாதி கடித்த பாண் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினார். மூன்று நாளாகியும் அம்மா அதை எடுக்கவில்லை. கோப்பையால் மூடி வைத்திருந்தார். வாய் பட்ட கரண்டியைச் சட்டிக்குள் விட்டாலே எச்சில் என்று சண்டை பிடிக்கிறவர். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு எட்டு வயது. பாணைக் குப்பையில் போட்டு, தட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

வேலையால் வந்த அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் குப்பைவாளிக்குள் கையை விட்டார். தேயிலைச் சக்கையோடு அது ஊறிக் கரைந்திருந்தது.

"எச்சில்தானே அம்மா?"

"ஓம் பிள்ளை. எச்சில்தான். நீ சரியாத்தான் செய்தனி."

அப்பா திரும்பி வரவேயில்லை. அந்தப் பாணைப் பற்றி அம்மா பிறகு ஒருநாளும் பேசவுமில்லை.

புறப்படும் காலையில் அந்தப் பெண்மணி என் முன்னால் புது ரொட்டி ஒன்றை நீட்டினார். கடித்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னேன்.